மச்சான் பிடித்த கயிறு

விமானத்து மூக்கு விசிறியின் நுனியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலை முன்னே ஊன்றி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல நிதானமாகக் கீழே இழுக்கிறார். அரைச் சுற்றுச் சுற்றிய விசிறி தயங்கி நிற்கிறது. தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். இன்ஜினுக்குள் காற்று அமுங்கிப் பெருமூச்சு விடுகிறது.

"ம்... மூத்தவன் நல்லா இருக்கான்."

இன்னொரு இழுப்பு. "அடுத்தவனும் சொகந்தான்."

மூன்றாவது இழுப்பில் மூச்சு கொஞ்சம் மட்டு. முகத்தைச் சுளிக்கிறார். "ஏலே, ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு? வாடைக்காத்து ஒத்துக்கிடலையோ?" இன்னும் இரண்டு தடவை இழுத்துச் சமாதானப்படுத்திவிட்டுக் கடைக்குட்டியிடம் போகிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், தலையில் வைத்த தொப்பியைக் கழற்றாமலே கீழக்கரை மஹ்மூது செய்கிற முதல் வேலை இது. இந்த விமானத்து இன்ஜினில் நாலு சிலிண்டர்களும் வௌவால்கள் மாதிரி தலைகீழாகத் தொங்குகின்றன. சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அவற்றின் தலைப்பக்கம் தேங்கிவிடும். அது தெரியாமல் கிளப்பினால் உள்ளே எதுவாவது நொறுங்கும். ஆகவே முதலில் கையால் சுற்றி, ஒவ்வொருவனாக நலம் விசாரித்து, எண்ணெயை வெளியேற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றுகிற டாக்டருக்குக்கூட இத்தனை பொறுமை இருக்காது.

ஊருக்கு மேற்கே உடைமரக் காட்டை வெட்டிச் சமன்செய்த ஒரு நீண்ட பொட்டல். அதன் ஓரத்தில் பனங்கை பாவித் தகரம் வேய்ந்த கொட்டகை. அதற்குள் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது அந்த ஆஸ்டர் விமானம். ஒற்றை இன்ஜின், இரண்டு பேர் தோள் உரச உட்காரலாம். உடம்பெல்லாம் இரும்புக் குழாய். அதன்மேல் துணி போர்த்தி வர்ணம் பூசியிருக்கிறது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை விற்றுத் தள்ளிய காலத்தில் சங்கு வியாபாரி ஹமீது சுல்தான் வாங்கியது. ஊரில் இதற்கு 'மரைக்காயர் வீட்டுத் தட்டான்' என்று பெயர். ஹமீது சுல்தான், மஹ்மூதின் தங்கை சுலைகாவின் கணவர்.

மஹ்மூதுக்கு ஐம்பது நெருங்குகிறது. கட்டம் போட்ட சாரம், அதற்குமேல் பட்டாளத்துக் காக்கிச் சட்டை. சட்டையின் ஒரு பையில் ஸ்பேனரும் செப்புக் கம்பியும், மறு பையில் வெற்றிலைப் பொட்டலம். சண்டைக் காலத்தில் விமானப் படையில் சேர்ந்து அம்பாலாவில் பிட்டராக இருந்தவர். மற்ற நாட்களில் லாஞ்சி இன்ஜின், நெல் மில் இன்ஜின், கட்டைவண்டியோடு போட்டி போடும் பழைய பஸ்ஸின் இன்ஜின் எல்லாம் அவர் கைக்கு வரும். "அதுக எல்லாம் நின்னுபோனா எறங்கி நடந்துக்கிடலாம். இது அப்பிடியா?" என்பார்.

பெட்ரோலை அவர் நேரே ஊற்றியதில்லை. மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றைப் புனலில் விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவார். பெட்ரோல் இறங்கிவிடும், அதில் கலந்த தண்ணீர் மட்டும் முத்து முத்தாகத் தோலின்மேல் நின்றுவிடும். அந்தத் துளிகளை உதறி வெளியே கொட்டும்போது, கன்னம் வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவர் முகத்தில் தெரியும்.

பிறகு இறக்கைத் துணி. பெருவிரல் நகத்தால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார். விறைப்பாக இருந்தால் 'தண்' என்று பேசும். வெயிலில் நைந்த இடம் பேசாது. பேசாத இடத்தை வெட்டி, ஒட்டுப் போட்டு, மேலே விறைப்பேற்றுகிற மருந்துச் சாயம் பூசுவார். அந்தச் சாயத்துக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை. ஒருமுறை அந்த வாசனைக்கு மயங்கிய வெள்ளாடு ஒன்று வாலில் ஒரு முழம் துணியை மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. "எங்க ஊரு ஆடு ஏரோப்ளேனையே தின்னுச்சு" என்று சந்தைக்குச் சந்தை பெருமை பேசியது ஊர். அதற்குப் பிறகுதான் காவலுக்கு வீரையா வந்தார்.

வீரையா பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இந்துவும் முஸ்லிமும் முறை சொல்லிக் கூப்பிடுகிற இந்தச் சீமை வழக்கப்படி அவருக்கு மஹ்மூது மாப்பிள்ளை. மஹ்மூதுக்கு அவர் மாமா. கடற்காற்றின் உப்பு இரும்பை அரித்துவிடும் என்று மஹ்மூது விமானத்தை வாரம் தவறாமல் குளிப்பாட்டுவார். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால் ஊருணித் தண்ணீர் பீப்பாயில் வண்டியேறி வரும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் வீரையாவுக்கு வயிறு எரியும்.

"நாலு ஊரு சனம் குடிதண்ணிக்கு நாக்குத் தள்ளிக்கிட்டு அலையுது. ஒங்க தட்டானுக்குக் குளிக்க ஊருணித் தண்ணி கேக்குதாக்கும் மாப்ள?"

"மனுசன் உப்பைத் தின்னா வேர்வையில போயிரும் மாமா. இரும்பு உப்பைத் தின்னா ஏறுன ஆளோட போகும்."

"பொண்டாட்டியக்கூட எவனும் இப்பிடித் தேய்ச்சுக் குளுப்பாட்ட மாட்டான்."

"அதான் ஒங்க பொண்டாட்டி ஒங்கள இங்கன காவலுக்கு அனுப்பிட்டா" என்று சொல்லிவிட்டு, வீரையாவின் காதில் செருகியிருக்கும் பீடியை எடுத்துத் தூர வீசுவார். கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் நெருப்பு ஆகாது.

விமானம் வந்த புதிதில் சென்னையிலிருந்தெல்லாம் மெக்கானிக்குகள் வேலை கேட்டு வந்தார்கள். ஹமீது சுல்தான் ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. "லைசென்சு உள்ள ஆளு ஆயிரம் பேரு கெடைப்பாங்க. எனக்கு மச்சான் ஒருத்தன்தான்" என்றார்.

கடற்கரைக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு, தோணியில் அவன் மச்சானின் கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. பெண்டாட்டியோடு பிறந்தவனுக்கோ தங்கை கழுத்துக் கருகமணித் தாலி ஒன்றுதான் கவலை. அடியில் இருப்பவன் நகர நகர மேலே இருப்பவன் முழம் முழமாக விட்டுக்கொடுக்க வேண்டும்; அவன் கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். அசைக்காத நேரத்தில் இழுத்தாலும், குளிப்பவன் கைக்கு எட்டிய சங்கைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். சுறா தென்பட்டதா, காற்றுத் திரும்பியதா என்பது மேலே இருப்பவனுக்குத்தான் தெரியும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கயிறு பிடிப்பவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. மஹ்மூதும் இந்த விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை.

ஹமீது சுல்தான் பறந்துகொண்டிருந்த அந்த நாட்களில் எல்லாச் சோதனையும் முடித்து, சக்கரத்துக் கட்டையை எடுப்பதற்கு முன் மஹ்மூது இறக்கையில் உள்ளங்கையை வைத்து, "கயிறு என் கையில. போயிட்டு வாங்க மச்சான்" என்பார். அந்த வார்த்தை விழாமல் ஹமீது சுல்தான் விமானத்தை நகர்த்தமாட்டார். விழுந்துவிட்டால் பொட்டலின் கடைசி வரை ஓட்டி, பனைகளுக்கு மேலே எழும்பி, தன் சங்குத் தோணிகள் நிற்கிற பக்கம் போய் ஒரு இறக்கையைத் தாழ்த்திச் சலாம் வைப்பார். இறங்கி வந்து இறக்கையைத் தடவிக்கொடுப்பார். பிறகு மெல்லச் சொல்லுவார்: "எங்க பாட்டன்மாரு கடலை அடியில இருந்து பாத்தாங்க மச்சான். நான் மேல இருந்து பாக்குறேன். அடியில பாறைப் பாரு இருக்குற எடமெல்லாம் கறுத்து, ஈரல் மாதிரித் தெரியுது. அவங்க மூச்சைப் பிடிச்சுத் தேடுன தேட்டம் எல்லாம் எனக்கு ஒரே பார்வையில கெடைக்குது."

ஒரு ஐப்பசி மாதம் மண்டபத்துக்கு மேலே மழை மேகம் அவரை மடக்கிக்கொண்டது. திரும்பி வர வழியில்லாமல் தனுஷ்கோடி மணலில் இறக்கிவிட்டார். ஆளுக்கும் கேடில்லை, விமானத்துக்கும் கேடில்லை. ஆனால் அந்தச் செய்தி மறுநாள் ரயிலில்தான் வந்தது. அதுவரை சுலைகா முற்றத்தில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. புருஷன் வந்து சேர்ந்த பிறகும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"காக்கா, கயிறு என் கையிலன்னு அவுகள்ட்டச் சொல்லித்தான அனுப்புறிய?"

"ஆமா."

"அப்ப இழுங்க."

மஹ்மூது வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமலே பையில் திரும்பப் போட்டார்.

"எந்நாளைக்கும் வேணாம். எம் மக சாலிஹாவுக்கு ஒரு நிக்காஹ் முடியட்டும். வாப்பா இல்லாத புள்ளையா அவளைப் பந்தல்ல ஒக்கார வச்சிராதிய. மிசினுல ஏதாவது கோளாறுன்னு சொன்னா அவுக கேப்பாக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக."

மெக்கானிக் வாய் இதுவரை இன்ஜினைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. கோளாறை மறைத்தும் சொன்னதில்லை. இல்லாததை உண்டாக்கியும் சொன்னதில்லை. மறுநாள் சொன்னார். "மச்சான், கிராங்க் ஷாப்டுல மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியுது. புதுசு சீமையில இருந்து வரணும். இறக்குமதிக்கு அனுமதி வாங்கணும். நாளாகும்."

ஹமீது சுல்தான் இன்ஜினைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்று சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் மஹ்மூதுக்குச் சுமை குறைந்திருக்கும்.

சாலிஹாவுக்கு வந்த சம்பந்தங்கள் ஒன்று மாற்றி ஒன்று தட்டிப்போயின. ஒரு நோன்புப் பெருநாள் போய் இன்னொரு பெருநாளும் போயிற்று. ஹமீது சுல்தான் வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மச்சான், சாமான் வந்துச்சா?"

"வரலை மச்சான்."

"வரும். இன்ஷா அல்லா."

இங்கே மஹ்மூதுக்கு ஒரு சங்கடம் முளைத்தது. கடலோரத்தில் ஓடாமல் நிற்கிற இன்ஜின் துருவேறிச் சாகும். வெடிப்புக் கண்ட இன்ஜினை ஓட்டுகிற மெக்கானிக்கோ உலகத்தில் இல்லை. சொன்ன பொய்க்காக இன்ஜினைச் சாகவிட அவருக்கு மனம் வரவில்லை. ஹமீது சுல்தான் சென்னைக்கு ரயில் ஏறுகிற நாளாகப் பார்த்துக் கொட்டகை வாசலில் விமானத்தைக் கட்டிவைத்து, கொஞ்ச நேரம் ஓட்டி, உள்ளே தள்ளிவிடுவார். "இருக்குற பொண்டாட்டிக்குத் தெரியாம வப்பாட்டி வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு மாப்ள ஒங்க சோலி" என்றார் வீரையா. மஹ்மூது சிரிக்கவில்லை.

அப்படி ஒரு நாள் ஓட்டி அணைத்து உள்ளே தள்ளிய சமயம், ஹமீது சுல்தானின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ரயில் தவறிவிட்டதாம். கொட்டகைக்குள் வந்தார். மகளுக்குப் புதிதாக வந்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்ஜின் மூடியின்மேல் கையை ஊன்றினார். பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு கையை எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரின் பூர்விகத்தைப் பற்றித் தொடர்ந்தார். அன்று முழுக்க மஹ்மூதுக்கு வெற்றிலை ருசிக்கவில்லை.

கடைசியில் அந்த மாப்பிள்ளையே அமைந்தான். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மருதாணி மங்குவதற்குள் சுலைகா மறுபடி அண்ணனைத் தேடி வந்தாள்.

"அவுகளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது காக்கா. மாடியில ஏறி வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாக. ஏதாவது பருந்து பறந்தாக்கூட அது மறையிற வரைக்கும் பாக்குறாக. எனக்கே பொறுக்கலை. சாமான் வந்துருச்சுன்னு சொல்லிருங்க."

அன்று இரண்டு பீப்பாய் ஊருணித் தண்ணீர் செலவாயிற்று. மஹ்மூது இறக்கைகளைத் தட்டித் தட்டிப் பேசவைத்தார். பெட்ரோலை இரண்டு தடவை தோலில் வடித்தார். வீரையாவிடம் பொட்டலிலிருந்து ஆடுகளைத் துரத்தச் சொன்னார். ஹமீது சுல்தான் மதுரைக்குப் போயிருந்தார். பறக்கிற லைசென்சைப் புதுப்பிக்க வருஷா வருஷம் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். விமானம் முடங்கிக் கிடந்த காலத்திலும் அந்தப் பரிசோதனைக்கு அவர் போகாமல் இருந்ததில்லை.

கார் வந்தது. அவர் இறங்குவதற்குள் மஹ்மூது ஓடினார்.

"மச்சான்! சாமான் வந்துருச்சு!"

ஹமீது சுல்தான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றி மடித்தார். "நல்லதாப் போச்சு" என்றார். கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு, "எடது கண்ணுல படலம் கட்டுதாம் மச்சான். வலதுலயும் ஆரம்பிச்சுருச்சாம்" என்றார்.

"அறுத்து எடுத்துட்டா?"

"அறுத்துக் கண்ணாடி போட்டா நடக்கலாமாம், குர்ஆன் ஓதலாமாம், பேரப்புள்ளை மொகத்தைப் பாக்கலாமாம். எல்லாத்துக்கும் ஆகும்னுட்டாரு. மேல போறதுக்கு மட்டும் ஆகாதாம். போன வருசம் வரைக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

மஹ்மூது பெட்ரோல் டின் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், அந்தச் சாமான்..." என்று தொடங்கினார்.

"வேணாம்."

"இல்ல மச்சான், அந்த வெடிப்பு..."

"அன்னைக்கு மூடியில கைய வச்சேன்ல? சுட்டுச்சு." ஹமீது சுல்தான் இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன்." பிறகு அவரே சிரித்தார். "கொட்டகைக்குள்ள ஏது வெயிலு?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்திய? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே..."

"கயிறு பிடிச்சவன் இழுத்தா மேல வந்துறணும் மச்சான். எதுக்கு இழுத்தன்னு தண்ணிக்குள்ள இருந்து கேக்க முடியுமா?"

திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் இடது இருக்கையில் ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனார் அந்த மனிதர்.

விமானத்தைக் கேட்டுத் திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆள் வந்தார்கள். "அதை என்னைக் கேக்கக்கூடாது, மச்சானைக் கேளுங்க" என்றுவிட்டார் ஹமீது சுல்தான். மஹ்மூதிடம் வந்தவர்களுக்குத் தேநீர் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. வீரையா அவரைத் தேற்றப் பார்ப்பார்.

"விடுங்க மாப்ள. ஆளு உசிரோட இருக்காருல்ல? தங்கச்சி கழுத்துல மணி கெடக்குல்ல? வேறென்ன வேணும்?"

"உசிரோடதான் இருக்காரு மாமா. அதைத்தான் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார் மஹ்மூது. மேற்கொண்டு பேச்சு வளர்ந்தால் ஆட்டுத்தோலை எடுத்து வெயிலில் காயப்போடப் போய்விடுவார்.

கண் அறுவை முடிந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அசர் தொழுகைக்கு முன்னால் கார் வரும். மஹ்மூதும் வீரையாவும் விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, சக்கரங்களுக்கு முன்னால் பனங்கட்டைகளை வைத்து, வாலை நல்ல தேங்காய்நார்க் கயிற்றால் தரையில் அறைந்த இரும்பு முளையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஹமீது சுல்தான் தடித்த கண்ணாடியோடு தடவித் தடவி ஏறி உட்காருவார். மஹ்மூது விசிறியின் முன்னால் நிற்பார். பழைய முறைப்படியே கேள்வியும் பதிலும் நடக்கும்.

"ஸ்விட்ச் ஆஃப்?"

"ஆஃப்."

"பெட்ரோல்?"

"ஆன்."

இறக்கையில் உள்ளங்கையை வைக்கிற அந்த இடம் வரும்போது மஹ்மூது அதைத் தாண்டிப் போய்விடுவார். கோளாறு என்று சொன்ன நாளுக்குப் பிறகு 'கயிறு என் கையில' என்ற அந்த வார்த்தையை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

"கான்டாக்ட்!"

ஒரே வீச்சில் இன்ஜின் எழும். நாலு பேரும் நல்ல சுகம். மஹ்மூது சுற்றிக்கொண்டு வால் பக்கம் வந்து, முளைக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முடிச்சுக்கு மிஞ்சிய கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். உள்ளே ஹமீது சுல்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார். புழுதி பறக்கும், உடைமரங்கள் சாயும், மஞ்சள் விமானம் கட்டைகளை முட்டிக்கொண்டு நடுங்கும், வால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் பனைகளுக்கு மேலே எங்கோ பார்த்திருக்கும்.

அந்த நேரத்தில் மஹ்மூது உள்ளங்கைச் சுற்றை அவிழ்க்கிறார். முளையில் முடிச்சு இறுகியபடியே இருக்க, மிஞ்சிய கயிற்றில் ஒரு முழத்தை விரல்களுக்கிடையே மெல்ல நழுவ விட்டுக்கொடுக்கிறார்.